சங்கத்தில் சாதியைப் பேசினால் ஒற்றுமை கெடுமா?

#1 திருபுவனை

வணக்கம். புதுச்சேரி, கடலூர்ப் பக்கம் தொழிற்சங்கத்தில் இருப்பவர்கள், முன்பு இருந்தவர்கள் இதைப் படித்துவிட்டுக் கருத்து சொல்லுங்கள்.

நான் வேலை பார்க்கும் கம்பெனியின் பெயர் வேண்டாம். நிரந்தரத் தொழிலாளர்கள் கொஞ்சம், காண்டிராக்ட் ஆட்கள்தான் அதிகம். பழைய கூலி ஒப்பந்தம் முடிந்துவிட்டதால் புதுக் கோரிக்கைப் பட்டியல் தயாரிக்க சங்கக் கமிட்டி கூடியது. கூலி உயர்வு, ஓ.டி., போனஸ், நைட் ஷிஃப்டுக்கு பஸ் என்று எல்லாம் பேசி முடித்த நேரத்தில் துப்புரவுப் பிரிவு அக்கா ஒருவர் எழுந்தார். "கேன்டீன்ல எல்லாரும் சாப்பிடுற நேரத்துலயே எங்களுக்கும் சாப்பாடு வேணும். மெஷினுக்கு ஆள் எடுக்கும்போது எங்க பசங்க பேரையும் பாக்கணும்" என்றார்.

எங்கள் துப்புரவுப் பிரிவில் இருக்கும் அத்தனை பேரும் காலனிக்காரர்கள். ஐ.டி.ஐ. முடித்த பையனாக இருந்தாலும் காலனி முகவரி என்றால் காண்டிராக்டர் அந்தப் பிரிவில்தான் போடுகிறார். கேன்டீனில் எவர்சில்வர் டம்ளர்கள் கவிழ்த்து வைத்திருக்கும். துப்புரவு ஆட்கள் அதைத் தொடுவதில்லை, வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டுவருகிறார்கள். தொடக்கூடாது என்று போர்டு கிடையாது, யாரும் வாய்விட்டுச் சொன்னதும் கிடையாது. மற்றவர்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு வந்து சோற்றை வாங்கிக்கொண்டு சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம் போய் உட்கார்ந்துவிடுவார்கள்.

கமிட்டியில் மூத்தவர் ஒருவர் அக்காவுக்குப் பதில் சொன்னார்: "அம்மா, நீங்க சொல்றது நியாயம்தான். ஆனா இதைப் பட்டியல்ல போட்டா ஊர்த்தெரு ஆளுங்க கழண்டுக்குவாங்க. முதல்ல ஒத்துமையா கூலியை வாங்குவோம். இதை அப்புறம் பாத்துக்கலாம்." சங்க வேலைக்காக சஸ்பெண்ட் ஆகி வீட்டில் உட்கார்ந்தவர் அவர். நிர்வாகத்திடம் ஒரு டீ கூட வாங்கிக் குடிக்காதவர். அதனால் எனக்கு உடனே எதிர்த்துப் பேச வரவில்லை. அக்காவும் "சரிங்க" என்று உட்கார்ந்துவிட்டார்.

ஒற்றுமைக்காக ஒரு பிரிவு மட்டும் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்றால் அதற்கு என்ன பெயர்? இதற்கு உங்கள் பதில் எனக்கு வேண்டும்.

#2 மில்சங்கு

தம்பி, நான் மில் தொழிலாளி வீட்டுப் பிள்ளை. நானும் ரோடியர் மில்லில்தான் வேலை பார்த்தேன். ஒற்றுமை என்ன தரும் என்பதை எங்கள் ஊர் ரத்தம் கொடுத்துப் படித்தது.

1936 ஜூலை 30. புதுச்சேரி சவானா மில் தொழிலாளர்கள் மேல் பிரெஞ்சுப் போலீஸ் சுட்டது. 12 பேர் செத்தார்கள். அவர்கள் கேட்டது எட்டு மணி நேர வேலையும் சங்கம் வைக்கும் உரிமையும். தலைவர் வ. சுப்பையா அதை பாரிஸ் வரைக்கும் கொண்டுபோனார். பிரான்ஸில் அப்போதுதான் மக்கள் முன்னணி அரசு வந்திருந்தது. அடுத்த ஓரிரு ஆண்டில் எட்டு மணி நேர வேலை இங்கே சட்டமானது. பக்கத்தில் பிரிட்டிஷ் இந்தியாவில் அதற்கு இன்னும் பல வருஷம் காத்திருந்தார்கள்.

தனித்தனியாக அவரவர் தெருக் குறையைப் பேசிக்கொண்டிருந்தால் இது நடந்திருக்குமா? பிற்காலத்தில் என்ன ஆனது பார். கட்சிக்கு ஒரு சங்கம், தலைவருக்கு ஒரு சங்கம். 2011 டிசம்பரில் தானே புயல் வந்து ரோடியர் மில் கூரையைப் பிய்த்துப் போட்டது. அதற்குப் பிறகு ஒரே குரலில் கேட்க எங்களுக்கு நாதியில்லை. 1898இல் தொடங்கிய மில்லை 2020இல் மூடினார்கள். சுதேசி, பாரதி மில்களுக்கும் அதே கதி.

உங்கள் மூத்தவர் சொன்னது தந்திரம் தெரிந்தவர் பேச்சு. அவர் பக்கத்தையும் யோசித்துப் பார்.

#3 நாணல்

சாதி சாதி என்று நாமே பேசிக்கொண்டிருப்பதால்தான் அது ஒழியவில்லை. கேன்டீனில் யாரும் தடுக்கவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவர்களாகவே ஒதுங்கி உட்கார்ந்தால் சங்கம் என்ன செய்யும்?

#4 கெடிலக்கரை

நாணல் அவர்களுக்கு முதலில். அந்த அக்கா நாளைக்கு ஒரு டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். அடுத்த வாரம் காண்டிராக்டர் "உனக்கு வேலை இல்லை" என்பார், காரணம் சொல்ல மாட்டார். யாரும் வாய்விட்டுச் சொல்லாத விதிக்குத்தான் பலம் அதிகம். அரசியல் சாசனத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது. எங்கள் மாவட்டத்துக்காரர் இளையபெருமாள் தலைமையில் அமைந்த குழு 1969இல் அறிக்கை கொடுத்தபோது, அதே தீண்டாமை நாடு முழுக்க அப்படியே இருப்பதைப் பக்கம் பக்கமாக எழுத வேண்டியிருந்தது.

மில்சங்கு ஐயா, 1936ஐ நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மில் வரலாற்றில் வேறு பக்கங்களும் உண்டு.

சென்னை பின்னி மில், 1921. பெரிய வேலைநிறுத்தம், திரு.வி.க. போன்றவர்கள் முன்னால் நின்றது. சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் வெளியே நின்றார்கள், ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பலர் உள்ளே போனார்கள். புளியந்தோப்பில் வீடுகள் எரிந்தன. உள்ளே போனவர்களைக் கருங்காலி என்று சொல்லிவிட்டுப் போகலாம். சேரியில் இருப்பவன் பார்வையில் பாருங்கள். இந்த சங்கத்தை நம்பிக் கூலியை விட்டால், நாளைக்கு இந்த சங்கம் நமக்காக நிற்குமா என்று அவன் கேட்டிருப்பான். நிற்கும் என்று நம்ப யாரும் அவனுக்குக் காரணம் எதுவும் கொடுக்கவில்லை.

அடுத்து பம்பாய். அங்கே நெசவுப் பிரிவில் கூலி அதிகம், அந்தப் பிரிவில் தீண்டப்படாதவர்களுக்கு இடம் கிடையாது. காரணம் எச்சில். தறியில் நூல் அறுந்தால் எச்சில் தொட்டு முடிய வேண்டும், நாடாவின் (தறியில் குறுக்கே ஓடும் ஷட்டில்) கண்ணில் நூலை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். அவர்கள் வாய் பட்ட நூலை நாங்கள் தொட மாட்டோம் என்றார்கள் மற்ற தொழிலாளர்கள். முதலாளி சொல்லவில்லை ஐயா, தொழிலாளிதான் சொன்னான். 1928 வேலைநிறுத்தத்தின்போது, நெசவுப் பிரிவைத் திறந்துவிட வேண்டும் என்பதையும் கோரிக்கையில் சேருங்கள் என்று அம்பேத்கர் வற்புறுத்தினார். தலைவர்கள் தயங்கித் தயங்கித்தான் சேர்த்தார்கள்.

சவானாவில் சுட்ட அதே 1936இல்தான் அம்பேத்கர் சொன்னார்: சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களைப் படிப்படியாகப் பிரித்து ஒருவன் தலைமேல் ஒருவனை உட்கார வைக்கிறது என்று. திருபுவனை சொன்ன கேன்டீனில் நடப்பது இதுதான். துப்புரவுப் பிரிவு இருப்பது வேலைப் பிரிவினை. ஐ.டி.ஐ. படித்த பையன் அதிலேயே கிடப்பது வேறு விஷயம். அது கூலிப் பிரச்சினையும்கூட. மெஷினுக்கும் துடைப்பத்துக்கும் மாதச் சம்பளத்தில் எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள்.

#5 முந்திரிக்காடு

நான் பண்ருட்டிப் பக்கம். முந்திரித் தோப்பு வேலை. ஊர்த்தெரு ஆள்தான், மறைக்கவில்லை.

ஊர்த்தெரு என்றாலே ஆண்ட பரம்பரை மாதிரி இங்கே எழுதுகிறார்கள். எங்கள் அப்பாவுக்கு அரை ஏக்கர் கிடையாது. முந்திரிக்கொட்டை உடைத்து என் அம்மாவின் விரல் தோல் உரிந்து கறுத்துப்போய் இருக்கும். அந்தப் பால் பட்டால் புண்ணாகிவிடும். நாங்களும் சமூகமாக ஒன்று சேர்ந்ததால்தான் ஏதோ கிடைத்தது. 1952 தேர்தலில் ராமசாமி படையாட்சியாரின் உழைப்பாளர் கட்சி 19 இடம் ஜெயித்தது. அதன் பிறகுதான் காங்கிரஸ்காரர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள், 1954இல் காமராஜர் அவரை மந்திரி ஆக்கினார். 1987 செப்டம்பரில் வன்னியர் இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல், 21 உயிர் போனது. 1989இல் மிகவும் பிற்பட்டோருக்கு 20 சதவீதம் இடஒதுக்கீடு வந்தது. இப்போது என் தங்கை நர்ஸ். சமூக ஒற்றுமையைத் தப்பு என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

#6 கெடிலக்கரை

தம்பி, உங்கள் தங்கை நர்ஸ் ஆனதில் எனக்கு மனசார சந்தோஷம். அந்த 20 சதவீதம் நியாயமானது.

ஒன்றை மட்டும் யோசியுங்கள். 1987இல் உங்களிடம் யாராவது "முதலில் எல்லா ஏழைகளும் ஒன்று சேருவோம், உங்கள் கோரிக்கை அப்புறம்" என்று சொல்லியிருந்தால் கேட்டிருப்பீர்களா? எங்கள் குறை தனிக் குறை, அதைத் தனியாகச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று ரோட்டில் உட்கார்ந்தீர்கள். அந்த அக்காவும் அதைத்தான் செய்கிறார். ரோட்டில்கூட உட்காரவில்லை, கமிட்டியில் கையைத் தூக்கினார், அவ்வளவுதான்.

#7 உப்பனாறு

நான் கடலூர் சிப்காட் ஓரத்து ஊர். ராத்திரி நாற்றம் வந்தால் ஊர்த்தெரு, காலனி, மீனவர் குப்பம் எல்லாம் ஒன்றாகத்தான் இருமும். அழுகிய முட்டை, அழுகிய முட்டைக்கோஸ், நெயில் பாலிஷ் என்று நாற்றத்தைப் பிரித்துக் குறிப்பு எழுத எங்கள் ஊர்ப் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். 2004 முதல் எங்கள் ஆட்களே காற்று மாதிரியைப் பையில் பிடித்து ஆய்வுக்கு அனுப்பினார்கள். ஈச்சங்காடு, குடிகாடு, சோனஞ்சாவடி, செம்மங்குப்பம் என்று பல ஊர் ஆட்கள் சேர்ந்து மனு கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஒற்றுமை உண்மையானது.

அதே ஆட்கள் வேலைப் பட்டியல் வரும்போது பிரிந்துவிடுவார்கள். ஆபீஸ், செக்யூரிட்டி ஒரு தெருவுக்கு. டேங்குக்குள் இறங்கிச் சுத்தம் செய்வது இன்னொரு தெருவுக்கு. தண்ணீர் லாரி முதலில் எங்கே நிற்கும் என்பதிலும் இதே கதைதான்.

பொதுக் கஷ்டம் இருந்தால் ஒற்றுமை தானாக வந்துவிடும் என்று சொல்கிறார்கள். எங்கள் ஊரில் கஷ்டம் இருந்த நேரத்துக்கு மட்டும் வந்தது.

#8 வாய்க்கால்மேடு

நான் பிறந்தது புதுச்சேரி, இருப்பது பாரிஸ் பக்கத்தில் சார்செல். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா. 1962இல் ஒப்பந்தம் அமலான பிறகு பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்த குடும்பம். நிறவெறி ஒரு பக்கம், சாதி ஒரு பக்கம், இரண்டையும் பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன்.

நம் ஊரில் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் நகரம், மேற்கே கறுப்பர் நகரம். டூரிஸ்ட் படம் எடுக்கும் அந்த மஞ்சள் சுவர்களுக்குப் பின்னால் இருந்த ஏற்பாடு அதுதான். 1873இல் பொன்னுத்தம்பி பிள்ளை என்ற வக்கீல் ஐரோப்பியர் மாதிரி பூட்ஸ் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார். உள்ளூர்க்காரன் பூட்ஸோடு வரக்கூடாது என்று நீதிபதி தடுத்தார். பிள்ளை பாரிஸ் உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயித்தார். 1881இல் ஒரு சட்டம் வந்தது. சாதி, மதம் சார்ந்த தனிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றுக்கொள்ளலாம். பிள்ளை முன்னால் நின்று துறந்தார், லபோர்த் என்று பெயர் வைத்துக்கொண்டார். அவர் பின்னால் போனவர்களில் கிறித்தவர்களும் ஒடுக்கப்பட்ட மக்களும் அதிகம். இனி நாமும் வெள்ளைக்காரனும் சமம் என்று நம்பினார்கள்.

நடந்தது என்ன? 1884இல் வாக்காளர் பட்டியலை மூன்றாகப் பிரித்தார்கள். ஐரோப்பியருக்கு ஒன்று, துறந்தவர்களுக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று. எல்லாவற்றையும் துறந்துவிட்டு வந்தவனையும் வெள்ளையன் தன் பட்டியலில் சேர்க்கவில்லை. இன்னொரு பக்கம் சண்முக முதலியார் சாதி ஆசாரத்தைக் காப்பாற்றுவதே அரசியலாக வைத்து, பல வருஷம் புதுச்சேரியையே கையில் வைத்திருந்தார். அதற்கு வெள்ளைக்காரர்களில் ஒரு பகுதி துணை. நிறத்தால் மேலே இருந்தவனும் சாதியால் மேலே இருந்தவனும் கைகோத்துக்கொள்ள எந்தத் தடையும் இருக்கவில்லை. பிரிந்து கிடந்தது கீழே இருந்தவர்கள்தான்.

இப்போது பிரான்ஸுக்கு வருகிறேன். வேலைக்கு விண்ணப்பம் போட்டால் பெயரைப் பார்த்தே ஒதுக்குகிறார்கள். போலீஸ் ரயில் நிலையத்தில் நிறுத்திக் கேட்கும் போது நான் புதுச்சேரியா, யாழ்ப்பாணமா, எந்தச் சாதி என்று பார்ப்பதில்லை. சரி, அதனால் நாங்கள் எல்லோரும் ஒன்றாகிவிட்டோமா? கல்யாணம் பேசும்போது முதல் கேள்வி, "ஊரில் எந்தத் தெரு?" ஒரே கட்டடத்தில் இருபது வருஷம் குடியிருந்த இரண்டு குடும்பம் இதனால் பேச்சை நிறுத்தியது.

வெளியே இருந்து வரும் அடி நம்மைச் சேர்த்துவிடும் என்று காத்திருக்காதீர்கள். நாங்கள் அடியையும் வாங்குகிறோம், பிரிந்தும் இருக்கிறோம்.

#9 வேம்பு

வாய்க்கால்மேடு எழுதியதைப் படித்ததும் அமெரிக்காவைப் பற்றிச் சொல்லத் தோன்றியது. தெற்கு மாநிலங்களில் ஏழை வெள்ளைத் தொழிலாளி ஏன் கறுப்புத் தொழிலாளியோடு சேரவில்லை என்று 1935இல் கறுப்பின அறிஞர் டு பாய்ஸ் எழுதினார். அவனுக்குக் கிடைத்த கூலி குறைவு. ஆனால் கூலிக்கு மேலே ஒன்று கிடைத்தது. மரியாதை, வெள்ளையர் பூங்காவில் நுழையும் உரிமை, போலீஸ் தன் ஆள் என்ற தைரியம். அதையும் ஒரு கூலி என்றார் அவர், மனசுக்குக் கொடுக்கும் கூலி. முதலாளிக்கு அதில் காசு செலவு கிடையாது.

திருபுவனையின் கேன்டீனில் அந்தக் கூலி டம்ளரில் இருக்கிறது. ஊர்த்தெரு ஆளுக்கு ஓ.டி. பாக்கி வைத்திருக்கிறார்கள், பி.எஃப். சரியாகக் கட்டுவதில்லை. ஆனால் டம்ளர் அவனுக்கு மட்டும். அதைக் கொடுத்துவிட்டு மற்றதை எடுத்துக்கொள்கிறார்கள்.

1969இல் சிகாகோவில் கருஞ்சிறுத்தைகள் என்ற கறுப்பின உரிமைக் கட்சியின் தலைவர் ஃப்ரெட் ஹாம்ப்டன் செய்ததையும் பார்க்க வேண்டும். கருஞ்சிறுத்தைகள், போர்ட்டோ ரிக்கோ இளைஞர்கள், மலைப்பகுதியிலிருந்து பிழைக்க வந்த ஏழை வெள்ளையர்கள், மூவரையும் ஒரே அணியில் நிறுத்தினார். யாரையும் உன் குறையை வீட்டில் வைத்துவிட்டு வா என்று சொல்லவில்லை. வீட்டு வாடகை, போலீஸ் அடி, குழந்தைகளுக்குச் சாப்பாடு என்று அவரவர் குறையோடு வந்தார்கள். அந்த வருஷம் டிசம்பர் 4 விடியற்காலையில் போலீஸ் அவரை வீட்டிலேயே சுட்டுக் கொன்றது. வயது 21. அந்த மாதிரி ஒற்றுமை யாரை பயமுறுத்தியது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

#10 சேதராப்பட்டு

ஒடிசா, பீகார் பசங்களை யாரும் பேசவே இல்லையே. எங்கள் பக்கம் ஒரே ரூமில் பத்துப் பேர் படுக்கிறார்கள், சம்பள ஏ.டி.எம். கார்டு காண்டிராக்டர் கையில். சங்கக் கூட்டத்துக்கு அவர்களைக் கூப்பிடலாம் என்றால் "தமிழனுக்கே வேலை இல்லை" என்கிறார்கள். அவன் குறைந்த கூலிக்கு வருவதால் நம் கூலி ஏறவில்லை என்பது உண்மை. அதற்காகவே அவனை சங்கத்தில் சேர்க்க வேண்டாமா?

#11 மில்சங்கு

எல்லாவற்றையும் படித்தேன். கெடிலக்கரை அம்மா சொன்ன பின்னி விஷயம் எங்கள் சங்க வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்ததுதான். ஒற்றுமை முக்கியம் என்பதில் நான் இம்மியும் மாறவில்லை. எதைச் செய்தால் அது நிற்கும் என்பதில்தான் பேச்சு.

தஞ்சாவூர்ப் பக்கம் 1940களில் விவசாயத் தொழிலாளர் சங்கம் கட்டியபோது, சீனிவாச ராவ் போன்றவர்கள் கூலியோடு நிறுத்தவில்லை. பண்ணையாள் தப்பு செய்தால் சாணியைக் கரைத்துக் குடிக்கவைத்து சவுக்கால் அடிப்பான் மிராசுதார். சாணிப்பாலும் சவுக்கடியும் ஒழிய வேண்டும் என்பது நெல் அளவோடு சேர்ந்த முதல் கோரிக்கை. அதனால்தான் சேரி முழுக்கச் செங்கொடி ஏறியது. சுப்பையாவும் சங்கம் கட்டுவதற்கு முன்பே அரிஜன சேவையில் இறங்கியவர். 1934 பிப்ரவரியில் காந்தியைப் புதுச்சேரிக்கு வரவழைத்ததில் அவர் பங்கு பெரியது. சேரிக்குள் போனவர் என்ற பெயர் அவருக்கு இருந்தது. அந்தப் பெயரோடு மில் வாசலில் வந்து நின்றபோது ஜனம் நம்பியது.

ஆகவே தம்பி, உங்கள் மூத்தவரிடம் இதைச் சொல்லிப் பார். ஆனால் சபையில் அவரை மடக்காதே. தனியாகப் பேசு. சஸ்பெண்ட் ஆன ஆளை சின்னப் பையன்கள் முன்னால் அவமானப்படுத்தினால் அவரும் போவார், அவரோடு நாலு பேர் போவார்கள்.

நாணலுக்கு: தொழிலாளி ஒருவர் சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார்ந்து சாப்பிட்டால் சங்கம் என்ன செய்யும் என்று கேட்டீர்கள். சங்கத் தலைவர் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம். அது முதல் நாளே செய்யக்கூடியது.

#12 நாணல்

அதை ஏற்றுக்கொள்கிறேன் ஐயா. ஆனால் எழுத்துக் கோரிக்கையாகப் போட்டால் வீண் பகை வரும் என்ற என் கருத்து மாறவில்லை.

#13 திருபுவனை

எல்லோருக்கும் நன்றி. நேற்று நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மூத்தவரைத் தனியாகப் பார்த்தேன். பம்பாய் எச்சில் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் "ஊர்த்தெரு ஆளுங்ககிட்ட நான் பேசறேன், நீ பேசினா எடுபடாது" என்றார். கமிட்டி மறுபடி கூடியது. கேன்டீன் நேரம் எல்லாப் பிரிவுக்கும் ஒன்று என்பது பட்டியலில் ஏறிவிட்டது. துப்புரவிலிருந்து மெஷினுக்கு மாற்றும் கோரிக்கைக்கு எதிர்ப்பு பலமாக வந்தது. எங்கள் தம்பிமார் வேலை போய்விடும் என்று இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள். இன்னும் முடிவாகவில்லை. ஒடிசா ஆட்களைச் சேர்ப்பது பற்றிப் பேச்சே எடுக்க முடியவில்லை.

அக்கா இந்த முறை உட்காரவில்லை. "கேன்டீன் மட்டும்னா எனக்கு வேணாம். சோறு நான் வீட்டுலயே சாப்பிட்டுக்குவேன். என் பையனுக்கு மெஷின் வேணும்" என்றார்.

#14 கெடிலக்கரை

அக்கா சொன்னதுதான் கணக்கு. டம்ளரைக் கொடுத்து மெஷினை நிறுத்திவைப்பது நிர்வாகத்துக்கும் வசதி, ஊர்த்தெருவுக்கும் வசதி. மாற்றக் கோரிக்கையை விடாதீர்கள். வெளியே போன இரண்டு பேரின் தம்பிகளுக்கும் சேர்த்து எழுதினால் என்ன? படிப்பும் சீனியாரிட்டியும் பார்த்து எல்லாப் பிரிவிலிருந்தும் மெஷினுக்கு எடுக்க வேண்டும், காண்டிராக்டர் இஷ்டத்துக்கு விடக்கூடாது என்று எழுதுங்கள். காண்டிராக்டரின் இஷ்டத்தால் அவர்கள் தம்பிகளும்தான் வெளியே நிற்கிறார்கள்.

#15 முந்திரிக்காடு

இப்படி எழுதினால் எங்கள் தெரு ஆட்களிடம் நானே பேசுவேன். என் சித்தப்பா மகன் அந்தப் பக்கம் காண்டிராக்டில் இருக்கிறான், நாலு வருஷமாக ஹெல்பர்தான்.

#16 மில்சங்கு

தம்பி திருபுவனை, பட்டியல் போவதற்கு முன் ஒரு வேலை செய். ஒவ்வொரு பிரிவிலும் யார் எந்தத் தேதியில் சேர்ந்தார்கள், என்ன படித்திருக்கிறார்கள், இப்போது என்ன வேலை என்று ஒரு நோட்டில் எழுது. ஒடிசா ஆட்கள் பேரையும் சேர்த்து எழுது, சங்கத்தில் சேர்க்கிறார்களோ இல்லையோ. சமரசப் பேச்சில் நிர்வாகம் "தகுதியான ஆள் அந்தப் பிரிவில் இல்லை" என்றுதான் முதலில் சொல்லும். அப்போது நோட்டை எடுத்து மேசைமேல் வை. பிரதி ஒன்று அக்காவிடம் இருக்கட்டும்.